பதினோரு ஹெல்மெட்

ஜூலை 3, வியாழன்

முப்பது நாள் நன்றி சவால் இன்று ஆரம்பம். தினமும் ஒரு நன்றியாவது எழுத வேண்டும், விதி அவ்வளவுதான். இந்தச் சவாலைச் சொன்ன ரீலில் ஒரு அக்கா தோல் அட்டை போட்ட டைரியில் அழகாக எழுதினாள். எனக்குக் கிடைத்தது அப்பாவின் கிரில் பட்டறைக்கு சிமெண்ட் ஏஜென்ட் கொடுத்த டைரி. ஆறு மாதம் காலியாகக் கிடந்தது, பரவாயில்லை.

முதல் நாளே இப்படி ஒரு நாளாக அமையும் என்று யார் கண்டது! சகா அண்ணன் எங்கள் பட்டறைக்கு வந்தார்! நேரில்! அதே கறுப்பு ஜாக்கெட், அதே சிரிப்பு!

பிற்காலத்தில் இந்த டைரியைப் படிக்கப்போகும் வயதான சுடர்விழிக்காக எழுதி வைக்கிறேன்: சகா அண்ணன் என்றால் சகாயராஜ். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பைக் வீடியோ போடுகிறவர். 'சகா ரைட்ஸ்' சேனலுக்கு இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். அவருடைய ஃபேன் பேஜை மூன்று வருடமாக நானும் என் நண்பன் அஸ்லமும் நடத்துகிறோம். நான் வீடியோ எடிட் செய்யக் கற்றதே அவருக்காகத்தான்.

வந்த விஷயம் இதுதான். ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் கேமராவை ஒட்டுப் பசையால் ஒட்டியிருந்தார். நம் ஊர் வெயிலில் பசை இளகி, போன வாரம் கொடைக்கானல் ரோட்டில் கேமரா கீழே விழுந்து, அதன் மேல் லாரி ஏறிவிட்டது. என்னிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தாடையில் இரண்டு ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி, உள்பக்கம் நட்டு வைத்து, மேலே பஞ்சுத் துணியால் மூடிவிடுவேன். ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து நானே கற்றது. இதுவரை பத்து பேருக்குச் செய்திருக்கிறேன். கூலி கிடையாது. ஹெல்மெட்டோடு ஒரு செல்ஃபி எடுத்து, என்னை டேக் பண்ணினால் போதும். பத்துப் படமும் 'சுடர் மவுன்ட்' என்ற தலைப்பில் என் புரொஃபைலில் இருக்கிறது.

சகா அண்ணன் ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், "வலிக்குமா டாக்டர்?"

"மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தாண்ணே ஓட்டை போடுவேன்."

அப்பா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "ஏத்தா, அது தலைக்குப் போடுறதுத்தா. ஜன்னல் பட்டை மாதிரி துளைக்கிறியே?"

"அப்பா, அந்த வீடியோவ இருபது லட்சம் பேர் பாத்துருக்காங்க."

"பாத்த இருபது லட்சமும் விழுந்து பாத்தானுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். முடித்ததும் அண்ணன் கேமராவைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்த்தார். "அசையல சுடரு! என் தாடையோட பொறந்த மாதிரி இருக்கு!"

நன்றி: டிரில் மெஷினுக்கு. அப்பாவுக்கு. இந்த நாளுக்கு.

ஜூலை 4

வீடியோ போட்டுவிட்டார். ஏழாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி: "எங்க ஊருப் பொண்ணு, பேரு சுடரு, கையில அப்படி ஒரு வித்தை." நாற்பது தடவை பார்த்துவிட்டேன். நன்றி, ஏழாவது நிமிடமே!

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழே முக்காலுக்கு அஸ்லம் போன் செய்தான். முதலில் அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பைக்கில் நத்தத்துக்குப் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவது சகா அண்ணன் கூட்டத்தின் வழக்கம். நாலு வழிச் சாலை, ஞாயிறு காலை, ரோடு காலி. எதிரே ஒரு மொபெட்காரர் ராங் சைடில், நடுத் திட்டை ஒட்டியே வந்திருக்கிறார். வண்டி திரும்புகிற இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அங்கே எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். எங்கள் அப்பாவே வருவார். சகா அண்ணன் ஒடித்துத் திருப்பியதில் மொபெட்காரர் தப்பித்துவிட்டார், முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அண்ணன் முகம் குப்புற விழுந்து தார் ரோட்டில் வெகுதூரம் இழுபட்டிருக்கிறார்.

பின்னால் வந்தவர்கள் பதறிப்போய் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கப் போனார்களாம். ரோட்டோரம் மாம்பழம் விற்கிற அம்மா ஓடிவந்து கையைத் தட்டிவிட்டிருக்கிறார். "இழுக்காதீங்கய்யா! கழுத்து போயிரும்! 108 வரட்டும்!"

உயிருக்கு ஆபத்து இல்லை என்று மத்தியானம் சொன்னார்கள். தலையில் அடி இல்லை. தாடைதான்.

நன்றி: பெயர் தெரியாத மாம்பழ அம்மாவுக்கு. 108க்கு. ஹெல்மெட் வாரை எப்போதும் இறுக்கிக் கட்டுகிற சகா அண்ணனின் பழக்கத்துக்கு. கடவுளுக்கு, மாதாவுக்கு, எல்லாருக்கும்.

ஜூலை 7

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சகா அண்ணனின் மனைவி ரெஜினா அக்காவை இதுவரை வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். நான் யாரென்று அஸ்லம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "பொண்ணா இருந்துக்கிட்டு இம்புட்டு தூரம் அலையிறியே, சாப்ட்டியா?" தன் கணவர் உள்ளே கிடக்கும்போது என்னைக் கேட்டார்.

டாக்டர் வெளியே வந்தார். தாடை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பிளேட் வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டப்போகிறார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. பேச்சும் இல்லை, சோறும் இல்லை.

"இன்னொண்ணு கேக்கணும். தாடையில ஆறு மூலையா ஒரு காயம் இருக்கும்மா. அச்சு குத்துன மாதிரி ஆழமா பதிஞ்சிருக்கு. ரோட்டுல என்ன கிடந்துச்சு?"

"தெரியலையே டாக்டர்," என்றார் அக்கா.

அஸ்லம் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ரோட்டில் ஜல்லி கிடந்திருக்கும். ஜல்லிக்கு எத்தனை மூலை என்று யார் எண்ணினார்கள்?

கிளம்பும்போது அக்கா ஒரு பாலிதீன் பையைக் கொடுத்தார். உள்ளே ஹெல்மெட். "இதைப் பாக்கவே முடியல சுடரு. நீ கொண்டு போய் வச்சிரு."

நன்றி: டீக்கு.

ஜூலை 8

மழை. பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நன்றி: மழைக்கு.

ஜூலை 10

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது! நன்றி! நன்றி! நன்றி!

ஃபேன் பேஜில் ஒரு ரீல் போட்டேன், 'அண்ணனைக் காப்பாற்றிய ஹெல்மெட்'. பையை முழுசாகத் திறக்கவில்லை. மேல் பாதியை மட்டும் வெளியே எடுத்து, மண்டைப் பக்கத்துச் சிராய்ப்பைப் படம் பிடித்தேன். கீழ்ப்பக்கம் ஒரே தூசி, படத்துக்கு எடுப்பாக இருக்காது. சாயங்காலத்துக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'நாளைக்கே ஹெல்மெட் வாங்குறேன்' என்று எத்தனையோ கமெண்ட்! ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன்தானே.

இரண்டு பேர் மெசேஜில் கேட்டார்கள், 'சிஸ்டர், எனக்கும் மவுன்ட் போட்டுத் தருவீங்களா?' டிரில் பிட் உடைந்துவிட்டது என்று சொன்னேன்.

டிரில் பிட் உடையவில்லை.

ஜூலை 12, சனி

இந்த டைரியிடம்கூடப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று நிறுத்துகிறேன்.

அப்பா வெளியே போனதும் பையைப் பட்டறை மேஜையில் கொட்டினேன். தாடைப் பக்கம் பிளந்திருக்கிறது. பிளவு ஒரு ஓட்டையில் தொடங்கி அடுத்த ஓட்டை வழியாக ஓரம் வரைக்கும் போகிறது. ஷாம்பு பாக்கெட் சரத்தில் கிழிப்பதற்கு வசதியாகப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்களே, அப்படி. கிழிப்பதற்கு வசதியாக நான் குத்தி வைத்திருக்கிறேன். உள்பக்கத்து நட்டு பஞ்சுத் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது. அதற்கு ஆறு மூலை. எண்ண வேண்டிய அவசியம் இல்லை. டாக்டர் கேட்ட நிமிடமே எனக்குத் தெரியும்.

அந்த வெளிநாட்டு வீடியோவை மறுபடி திறந்தேன். இத்தனை நாள் கமெண்ட்டுகளில் அதிக லைக் வாங்கியதை மட்டும்தான் படித்திருக்கிறேன். 'சூப்பர்', 'ஜீனியஸ்', தீ பொம்மைகள். இன்று கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஹெல்மெட்டை ஒருபோதும் துளைக்காதீர்கள், அடிபட்டால் ஓடு அந்த இடத்தில்தான் உடையும், போல்ட் முகத்துக்குள் போகும். மூன்றே லைக்.

நாலாவது லைக் நான் போட்டேன். இப்போது போட்டு என்ன?

தூங்க முடியவில்லை. புரொஃபைலில் பத்து செல்ஃபி இருக்கிறது. பத்து பேரும் சிரிக்கிறார்கள். இந்த நிமிடம் அவர்களில் யார் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்களோ.

நன்றி எதுவும் தோன்றவில்லை.

ஜூலை 13

சொல்லிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த வார்டில் அண்ணனையும் சேர்த்து ஐந்து பேர், ஐந்து பேரும் பைக்கில் விழுந்தவர்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்தாராம். ஒருவர் போட்டிருந்தார், ஆனால் வாரைக் கட்டவில்லை. விழுந்தபோது அது தனியாக உருண்டு போய்விட்டது. காலேஜ் பையன் ஒருவன், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டியவன். "ரோடு மோசமா இருந்தப்ப விழுந்து எந்திரிச்சாய்ங்க. ரோட்டை நல்லா போட்டுட்டாங்க, இப்ப விழுந்தா எந்திரிக்கிறதில்ல," என்றார் தரை துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி.

சகா அண்ணன் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கண் மட்டும் பழைய கண். யாரோ ஒரு குழந்தையின் அழிக்கிற சிலேட்டு கையில். என்னைப் பார்த்ததும் எழுதினார்:

'எடிட் சூப்பர்.'

அழித்தார். மறுபடி எழுதினார்:

'தாடைய ஏன் கட் பண்ணுன?'

வீடியோ எடுத்துப் பிழைக்கிற மனிதர் அவர். எதை வெட்டினால் எதை மறைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, பிளவு, நட்டு, ஆறு மூலை. பக்கத்தில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்த ரெஜினா அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்தக் காயம்… ஒன்னோட நட்டா?"

"ஆமாக்கா."

"டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாக்கா."

"தெரிஞ்சுக்கிட்டே என் கையால டீ வாங்கிக் குடிச்சியே."

"அக்கா, நான் வந்து…"

"அக்கான்னு கூப்பிடாத. எந்திரிச்சுப் போ."

அவரே எழுந்து வெளியே போய்விட்டார். சகா அண்ணன் சிலேட்டில் எழுதினார்: 'கேட்டது நான்.' அழித்தார். 'வேகம் 110.' அழித்தார். 'வீடியோவுக்காக.' அதை வெகுநேரம் அழிக்கவில்லை. பிறகு ஒரே ஒரு சொல்.

'மீதி?'

"பத்துண்ணே."

என்னையே பார்த்தார். பிறகு சிலேட்டு நிறையப் பெரிய எழுத்தில், 'போ.'

முதலில் அவரும் என்னை விரட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் என் போனைச் சுட்டிக் காட்டி, இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினார்.

நன்றி: சிலேட்டுக்கு.

ஜூலை 14

மூன்று ஹெல்மெட்.

அஸ்லம் வண்டி ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னேன். முதல் ஆள் சாப்பாடு டெலிவரி செய்கிற அண்ணன். பிரியாணிக் கடை வாசலில் பிடித்தோம். "ஆர்டர் சூடா இருக்கு பாப்பா, அப்புறம் வாரேன்," என்று கிளம்பப் பார்த்தார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நான் சொல்லி முடித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே விரலைவிட்டு நட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆத்தி, ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் இதைத் தாடையில வச்சுக்கிட்டா ஓட்டிட்டு இருந்தேன்?" என்றார். அஸ்லம் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். பிறகு நானும் அவனும் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்கு நடந்தோம். ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட மாட்டானாம். "வாங்கி மாட்டுற வரைக்கும் தள்ளு சுடரு, ஒடம்புக்கு நல்லது."

இரண்டாவது ஆள் புது மாப்பிள்ளை. மாமனார் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டாம். "உடைஞ்சிருச்சுன்னு சொன்னா மாமனார் என்னைய உடைச்சிருவாரு, நீயே வந்து சொல்லு," என்றார். போய்ச் சொன்னேன். மாமனார் சொம்பு நிறைய மோர் கொடுத்தார்.

நன்றி: மோருக்கு. அஸ்லமுக்கு. டாக்டர் கேட்ட அன்றே அவன் ஊகித்துவிட்டான் என்று இன்று தெரிந்தது. "நீயா சொல்லுவன்னு காத்திருந்தேன்," என்றான். ஒரு வாரம் காத்திருந்திருக்கிறான்.

ஜூலை 16

இன்னும் இரண்டு. மொத்தம் ஐந்து.

பட்டறையில் குவித்து வைத்ததை அப்பா பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். 'அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கட்டிங் மெஷினை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்தார். குப்பையிலிருந்து யாராவது எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

"மெஷின் என்னோடதுத்தா. நானுந்தான் சிரிச்சேன்," என்றார்.

ஜூலை 19

கெவின் கொடுக்க மாட்டேன் என்கிறான். கெவின் என் காலேஜ் சீனியர்.

"நான்தான் அதைத் தலையில போடுறதே இல்லையே சுடரு. டேங்க் மேல உக்காந்திருக்கும். செக்கிங் நின்னா மட்டும் தலைக்கு ஏறும். அதுல ஓட்டை இருந்தா என்ன, வாசக்கதவே இருந்தா என்ன?"

"செத்துப்போவடா!"

"நீதான போட்டுவிட்ட? பல்லக் காட்டிக்கிட்டு செல்ஃபி எடுத்தேல்ல, அன்னிக்குத் தெரியலையா?"

டீக்கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னது சரிதான். வந்துவிட்டேன்.

மற்ற இருவர் கொடுத்துவிட்டார்கள். ஏழு.

ஜூலை 22

கெவின் தானாகவே பட்டறைக்கு வந்தான். பழைய ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். தலையில் புதுசு. ஏன் மனசு மாறியது என்று கேட்டேன்.

"வார்டுக்குப் போய் சகா அண்ணனப் பாத்தேன்," என்றான். வாரைக் கட்டாமலே வண்டியை ஸ்டார்ட் செய்தான். போய்ப் பிடித்து நிறுத்தி நானே மாட்டிவிட்டேன்.

"ஏ, கூசுதுடி!"

நன்றி: அவன் தாடைக்கு. அது முழுசாக இருப்பதற்கு.

இன்னொன்று மதுரையிலிருந்து பார்சலில் வந்தது. ஒன்பது.

ஜூலை 24

பத்தாவது ஆள் ஹரிபிரகாஷ். இப்போது பெங்களூரில் வேலை. போனில் பிடித்தேன்.

"அதை வித்துட்டேனே சுடரு. ஆன்லைன்ல போட்டேன், ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிட்டுப் போனாரு."

"யாரு? நம்பர் இருக்கா?"

"சாட் எல்லாம் அழிச்சிட்டேன். தேனிப் பக்கம்னு சொன்ன மாதிரி ஞாபகம். வேற யாருக்கோ வாங்குறதாச் சொன்னாரு."

வெள்ளை ஹெல்மெட், நடுவில் சிவப்புக் கோடு. தாடையில் இரண்டு ஓட்டை, உள்ளே இரண்டு நட்டு. தேனிப் பக்கத்தில் யாரோ ஒருவர் தலையில். எனக்கு அவரைத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரியாது. தனக்குப் பாதுகாப்பு என்று நினைத்து தினமும் மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

ஒன்பது கிடைத்ததற்கு நன்றி எழுதலாம் என்று பார்த்தேன். பேனா போகவில்லை.

ஜூலை 27

ரெஜினா அக்காவிடமிருந்து போன்! பதினான்கு நாள் கழித்து!

"ஒண்ணு கெடைக்கலன்னு அஸ்லம் சொன்னான்."

"ஆமாக்… ஆமாங்க."

"நாளைக்கு வீட்டுக்கு வா. அவரு சேனல்ல நீ பேசு. அவருக்கு வாயில்ல, ஒனக்கு இருக்குல்ல?" வைத்துவிட்டார்.

ஜூலை 28, திங்கள்

நான் எத்தனையோ வீடியோ வெட்டியிருக்கிறேன். கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை. முகமூடி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேமராவுக்குப் பின்னால் நின்றது ரெஜினா அக்கா.

"மூஞ்சிய மூடாத. அழுவாத. நீ அழுதா ஜனம் ஒன்னையத்தான் பாக்கும், ஹெல்மெட்டப் பாக்காது."

உடைந்த ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினேன். ஓட்டை போட்டது நான். பிளவு இப்படிப் போனது. நட்டு இங்கே குத்தியது. ஒரு வாரம் மறைத்தேன். ரீலில் தாடையை வெட்டினேன். தேனிப் பக்கம் யாரிடமாவது சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஹெல்மெட் இருந்தால், தயவுசெய்து போடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள். சகா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: '110ல போனது நான். அதை நட்டு மேல போடாதீங்க.'

எடிட் செய்யவே இல்லை. நடுவில் ஒரு குக்கர் விசில்கூட இருக்கிறது. அப்படியே ஏற்றிவிட்டோம். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

ஜூலை 29

கமெண்ட் படிக்காதே என்று அஸ்லம் சொன்னான். படித்தேன். கொலைகாரி என்று எழுதியிருக்கிறார்கள். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு டிரில் மெஷின் என்று எழுதியிருக்கிறார்கள். ஃபேன் பேஜிலிருந்து எண்ணூறு பேர் போய்விட்டார்கள். இந்த முறை கடைசிக் கமெண்ட் வரை இறங்கினேன். தேனியிலிருந்து யாரும் இல்லை.

ஜூலை 30

மெசேஜ் பெட்டி நிறையப் படங்கள்! சேலம், தூத்துக்குடி, அரக்கோணம். ஓட்டை போட்ட ஹெல்மெட்டுகள்! இவை நான் போட்ட ஓட்டைகள் இல்லை. வீடியோ பார்த்து அவரவரே போட்டுக்கொண்டது. 'சிஸ்டர், இதுவும் தப்பா?' 'அக்கா, என் தம்பியோடது, இப்பவே உடைச்சிட்டேன்.' நாற்பத்தாறு பேர். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

நன்றி: நாற்பத்தாறு பேருக்கும்.

ஆனால் சிவப்புக் கோடு இல்லை.

ஜூலை 31

காலை பத்து மணிக்கு ஒரு புது நம்பர். ஒரு படம். வெள்ளை ஹெல்மெட், சிவப்புக் கோடு. தாடையில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு.

'வணக்கம். நான் அமுதவல்லி. பெரியகுளத்துல நர்ஸா இருக்கேன். இது வீட்டுக்காரர் திண்டுக்கல்ல வாங்கிட்டு வந்தது. ரெண்டு ஓட்டை இருந்துச்சு, மழைத்தண்ணி உள்ள வருதுன்னு பொட்டு ஒட்டி வச்சேன். நீங்க தேடுறது இதுவா?'

பட்டறையில் கத்திவிட்டேன். அப்பா மெஷினை அணைத்துவிட்டு ஓடிவந்தார். அவருக்குப் படத்தைக் காட்டினேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், ஒரு புது ஹெல்மெட் வாங்கி வந்தார்.

இன்று டூட்டிக்கு எப்படிப் போவீர்கள் என்று அமுதவல்லி அக்காவுக்கு எழுதினேன். 'பஸ்ல போய்க்கிறேன்' என்று பதில் வந்தது. நன்றி!!!

ஆகஸ்ட் 1, வெள்ளி

முதல் பஸ்ஸில் கிளம்பினேன். மடியில் புது ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு கண்டக்டர் கேட்டார், "ஏம்மா, எங்க டிரைவர் மேல அம்புட்டு நம்பிக்கையா?" பஸ்ஸே சிரித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அமுதவல்லி அக்கா வீடு ஒரு சந்துக்குள். டூட்டிக்குக் கிளம்ப யூனிஃபார்மில் நின்றிருந்தார். என்னைவிட உயரம் குறைவு. மெலிந்த முகம். எனக்கு அந்தத் தாடையைப் பார்க்கத்தான் தோன்றியது.

"நீயாம்மா வீடியோவுல பேசுனது? சின்னப் பொண்ணா இருக்க!"

"மன்னிச்சிருங்கக்கா."

"தெனம் காலையில தேனி ரோட்டுலதான் போறேன். லாரியெல்லாம் உரசிக்கிட்டு வரும். ஹெல்மெட் இருக்குன்னு தைரியமாப் போவேன்." பிறகு பழைய ஹெல்மெட்டை எடுத்து வந்து கொடுத்தார். இரண்டு பொட்டும் அப்படியே இருந்தன, சிவப்பு, நடுவில் சின்னக் கல் வைத்தது. "நீ சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

புது ஹெல்மெட் அவருக்குச் சரியாக இருந்தது. வாரைக் கட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சந்து முனையில் திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன். கையை எடுத்து டாட்டா காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன. அதற்கு நன்றி.

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சகா அண்ணனுக்கு ஒரே சொல் அனுப்பினேன்: 'பத்து.'

ரொம்ப நேரம் நீல டிக் மட்டும்தான். பதில் இல்லை. பஸ் ஏறும்போது போன் அதிர்ந்தது. அண்ணன் இல்லை. ரெஜினா அக்கா.

'சாப்ட்டியா?'

பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்க் கடையில் நாலு இட்லி வாங்கி, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு எழுதினேன்: 'சாப்ட்டேங்க்கா.'

இந்த முறை 'அக்கா' என்று எழுதியதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.